பிரசாதமாகப் போன புத்தகம்

பவானிபூர், கொல்கத்தா
8.2.2026

அன்புள்ள மங்கைக்கு,

வித்யாலக்ஷ்மி எழுதுவது. இங்கே நானும் இவரும் பிள்ளை ஜெய்ராமும் நன்றாக இருக்கிறோம். நன்றாக இல்லாதது என் முழங்கால் ஒன்றுதான். குளிர் முடிகிறவரை அது இப்படித்தான் முனகும். முடிச்சூரில் உனக்கு எப்படி இருக்கிறது? காது மெஷினைப் போட்டுக்கொள்கிறாயா, இல்லை வழக்கம்போல அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறாயா? மெஷின் வாங்கியது உனக்கு, அலமாரிக்கு இல்லை.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது இவர் கவரைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நிற்கிறார். “மங்கை டீச்சர் இன்னும் போர்டில எழுதற மாதிரியேதான் எழுதறா” என்றார். உன் காது மந்தமானதில் இது ஒன்றுதான் லாபம். ஊரெல்லாம் போனில் பேசித் தீர்க்கிறது, நாம் இரண்டு பேரும் மட்டும் இன்னும் தபால்காரருக்கு வேலை வைக்கிறோம்.

ஜெய்ராமை ஆபீசில் மார்ச் கடைசியில் சென்னைக்கு டிரெய்னிங் அனுப்புகிறார்கள். உன் வீட்டுக்கு வருவான். அவன் தமிழ்தான் உனக்குத் தெரியுமே, பெங்காலியில் யோசித்துத் தமிழில் பேசுவான். சிரிக்காதே. உனக்குப் பிடித்த நொலேன் குர் சந்தேஷ் இனிப்பு கொடுத்தனுப்புகிறேன், ஈச்சவெல்ல சீசன் அதற்குள் முடிந்துவிடாமல் இருக்க வேண்டும்.

பள்ளிக்கூடத்துக் கதையைக் கேள். நீ ஓய்வு பெற்றுப் போன பிறகு இப்போது மூன்றாவது பிரின்சிபால். கெட்டவள் இல்லை, ஆனால் சும்மா இருக்கத் தெரியாதவள். என் லைப்ரரியில் பாதியை ஸ்மார்ட் ரூம் ஆக்க வேண்டுமாம். அதனால் பல வருஷமாக யாரும் எடுக்காத புத்தகங்களையெல்லாம் பிள்ளைகளுக்கே கொடுத்துவிடச் சொன்னாள். குப்பைக்காரனுக்குப் போடவில்லையே என்று நானும் தலையாட்டினேன். அதைச் சரஸ்வதி பூஜையன்று பிரசாதமாகக் கொடுத்தால் எவ்வளவு அழகாக இருக்கும் என்று அவளே ஒரு யோசனையும் சொன்னாள். அதற்கும் தலையாட்டினேன். அன்றைக்கு என் தலையில் ஏதோ சுளுக்கு இருந்திருக்க வேண்டும்.

பாதி ஆயுசை இங்கே கழித்தவளுக்கு நான் சொல்ல வேண்டாம். நம் பூஜை நவராத்திரியில் முடிந்துவிடும், இவர்களுக்குத் தை மாதத்தில் ஒன்று. ஆனால் இரண்டுக்கும் சட்டம் ஒன்றுதான், பூஜையில் வைத்த புத்தகத்தை அன்று பிரிக்கக் கூடாது, படிக்கவும் கூடாது. எட்டாம் வகுப்புப் பெண்கள் முதல் நாளே உட்கார்ந்து எல்லாப் புத்தகத்துக்கும் மஞ்சள் காகிதத்தில் அட்டை போட்டார்கள். ஹாலில் சரஸ்வதி பிரதிமையின் காலடியில் மஞ்சளாகக் குவித்து வைத்தோம். காலையில் புடவை கட்டத் தெரியாத வாண்டுகள் எல்லாம் மஞ்சள் புடவையில் தடுக்கித் தடுக்கி விழுந்துகொண்டு வந்து பூவும் வில்வ இலையும் போட்டு அஞ்சலி கொடுத்தன. அப்புறம் கிச்சுரி, கத்தரிக்காய் பாஜா, தக்காளிச் சட்னி. சாப்பிட்டுக் கை கழுவி வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் குவியலிலிருந்து ஆளுக்கு ஒரு புத்தகம். கொடுத்தது நான்தான். ஒவ்வொன்றையும் என் கையால்தான் கொடுத்தேன்.

உன் புத்தகத்துக்கு வருகிறேன். உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். வெள்ளத்தில் உன்னிடமிருந்த பிரதிகள் எல்லாம் போனது எனக்குத் தெரியும். ஆனால் ‘தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்’ நாவலை இப்படி ஆளாளுக்குத் தேடுகிறார்கள் என்பது தெரியாது. பழைய இளையோர் நாவல்களைச் சேகரிக்கிறவர்கள் அதன் கிழிந்த அட்டை ஒன்றுக்கே அடித்துக்கொள்கிறார்கள் என்று நீ எழுதியதைப் படித்து எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. நம் பள்ளிக்கூடத்து ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து நீ எழுதிய கதையடி அது. பதிப்பாளர் மறுபடி அச்சுப் போட வருவதும், உன்னவர் நரசிம்மன் அண்ணா வரைந்த படங்களைக் கலரிலேயே போடுகிறேன் என்று சொல்வதும், அண்ணா போய் ஒரு வருஷம்கூட ஆகாத நேரத்தில் உனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குப் புரிகிறது. அண்ணா கையால் வர்ணம் தீட்டியது லைப்ரரிப் பிரதி ஒன்றில்தான் என்பதும் மறக்கவில்லை. எப்படி மறப்பேன்? கறுப்பு வெள்ளையில் படம் அழுது வடிகிறது என்று அவரிடம் வம்பு செய்ததே நான்தானே. ஒரு பூஜா லீவு முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகத் தீட்டிக் கொடுத்தாரே.

புத்தகம் பத்திரமாக இருக்கிறது. லைப்ரரியில் பெயிண்ட் அடிக்கிறார்கள், அலமாரி எல்லாம் தார்பாய் போட்டு மூடிக் கிடக்கிறது, இப்போது எடுக்க முடியாது. ஜெய்ராம் வரும்போது கொடுத்தனுப்புகிறேன். பதிப்பாளருக்குக் கறுப்பு வெள்ளைப் பிரதி எங்காவது கிடைத்தால் போதாதா? சும்மாதான் கேட்டேன். அதை வைத்து ஒன்றும் கவலைப்படாதே.

வேளாவேளைக்குச் சாப்பிடு. தனியாள்தானே என்று காலையில் வடித்ததையே இரவுக்கும் வைத்துக்கொள்ளாதே.

அன்புடன்
உன் வித்யா


பவானிபூர்
27.2.2026

என் அருமை மங்கைக்கு,

உன் பதில் கைக்கு வந்து மூன்று நாளாயிற்று. ‘பத்திரமாக இருக்கிறது என்று நீ எழுதியதைப் படித்த அன்றுதான் அவர் போனதற்குப் பிறகு முதல் தடவையாக நன்றாகத் தூங்கினேன்’ என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. இனிமேலும் மூடி வைத்தால் நான் மனுஷியே இல்லை.

நான் எழுதியது பொய், மங்கை. உன் புத்தகம் லைப்ரரியில் இல்லை. பெயிண்ட் அடிப்பதும் பொய். பெயிண்ட் அடிக்கப் போகிறார்கள், இன்னும் அடிக்கவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். வருஷா வருஷம் பூஜைக்கு லைப்ரரி சார்பாக என்ன வைப்பேன் என்று உனக்குத் தெரியும். மற்ற டீச்சர்கள் தடிதடியாக டிக்‌ஷனரி வைப்பார்கள், நான் உன் புத்தகத்தைத்தான் வைப்பேன். நம்மவள் எழுதியது, நம் அண்ணா படம் போட்டது, இதைவிட எதைச் சரஸ்வதி காலடியில் வைப்பது என்று எனக்கு ஒரு கர்வம். இந்த வருஷமும் வைத்தேன். அதற்கும் அந்தப் பெண்கள் மஞ்சள் அட்டை போட்டுவிட்டார்கள். கொடுக்க வேண்டிய குவியலும் அதே காலடியில், அதே மஞ்சளில். அன்றைக்குப் புத்தகத்தைப் பிரிக்கக் கூடாது என்று பிள்ளைகளை மிரட்டிக்கொண்டிருந்தவளே நான்தான், அப்புறம் நான் எப்படிப் பிரித்துப் பார்ப்பேன்? எடுத்து எடுத்துக் கொடுத்தேன். சாயங்காலம் மற்ற டீச்சர்கள் அவரவர் வைத்ததை எடுத்துக்கொண்டு போன பிறகு பிரதிமைக்குப் பக்கத்தில் ஒன்றுமே மிஞ்சவில்லை. நான் வைத்ததை மறந்து, எல்லாம் நல்லபடியாகத் தீர்ந்தது என்று சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன், மடச்சாம்பிராணி. உன் கடிதம் வந்த மறுநாள் அலமாரியைத் திறந்தபோதுதான் அது இல்லை என்று தெரிந்தது.

முதலில் எல்லார் மேலும் கோபம் வந்தது. பிரின்சிபால் மேல், அட்டை போட்ட பெண்கள் மேல், ஏன், அந்தச் சரஸ்வதி மேலேயே வந்தது. இவர் சாப்பிட்டுக்கொண்டே, “குடுத்தது உன் கைதானே” என்று ஒரே வார்த்தை சொன்னார். ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

புத்தகம் தொலைந்துவிடவில்லை. யாரிடம் இருக்கிறது என்று தெரியும். அதுதான் இன்னும் சங்கடம்.

சாய்பிரியா என்று எட்டாம் வகுப்பில் ஒரு பெண். சேலத்திலிருந்து போன வருஷம் வந்தவள். அப்பாவுக்கு ஐ.டி. கம்பெனியில் வேலை, பெஹாலாவில் வாடகை வீடு. பெங்காலி ஒரு எழுத்து தெரியாது, ஹிந்தியும் தடுமாற்றம். வகுப்பில் நம்மவர்கள் வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள், ஆனால் அவர்களுக்கும் இவளுக்கும் ஒட்டவில்லை. அவர்களுக்கு அம்மா, அப்பா, சாம்பார் தவிரத் தமிழ் தெரிந்தால்தானே. மத்தியானம் டிபன் டப்பாவோடு லைப்ரரிக்கு வந்து மூலையில் உட்கார்ந்துகொள்வாள். உள்ளே சாப்பிடக் கூடாதுதான். நான் பார்க்காதது போல இருந்துவிடுவேன்.

போன வாரம் அவள் மடியில் மஞ்சள் அட்டை போட்ட புத்தகம். எட்டிப் பார்த்தால் அண்ணாவின் சாந்த்ராகாச்சி ரயில் யார்டு, கூட்ஸ் வண்டி, அந்த ஆரஞ்சு நிற வானம். இத்தனை பிள்ளைகளில் அந்தப் புத்தகத்தைப் படிக்கத் தெரிந்த ஒரே பெண்ணின் கையில் அதைக் கொடுத்திருக்கிறேன், அதுவும் கண்ணை மூடிக்கொண்டு.

கேட்டுவிட வேண்டும் என்றுதான் பக்கத்தில் போனேன். அதற்குள் அவளே நிமிர்ந்து, “மிஸ், இதுல வர்ற குளம் நெசமாவே இருக்கா?” என்று கேட்டாள். இருக்கிறது, குளிர்காலத்தில் எங்கிருந்தோ வாத்துகள் வரும் என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவை நச்சரித்து சாந்த்ராகாச்சிக்குப் போய் வந்துவிட்டாள், மங்கை! உன் கதையில் செண்பகம் நின்று பார்ப்பாளே, அதே ஓவர்பிரிட்ஜில் ஏறி நின்றாளாம். திங்கட்கிழமை வந்து என்னிடம் அவ்வளவையும் கொட்டினாள். ஒரு வருஷமாக அந்தப் பெண் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. செண்பகமும் தன்னைப் போலவே பாஷை தெரியாமல் வந்தவள் என்பதை ஏதோ ரகசியம் போலச் சொன்னாள். ஏன் இன்னும் முடிக்கவில்லை என்று கேட்டதற்கு, “தீந்துரும்னு கொஞ்சங்கொஞ்சமாப் படிக்கிறேன் மிஸ்” என்றாள். இந்தப் புத்தகத்தை எழுதியது என் சிநேகிதி என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் கேட்க முடியாமல் போய்விடும் என்று விழுங்கிவிட்டேன்.

பிரசாதம் என்று சொல்லிக் கொடுத்ததைத் திருப்பிக் கொடு என்று எந்த வாயால் கேட்பேன்? கேட்காவிட்டால் உன் முகத்தில் எப்படி விழிப்பேன்? அவள் வாங்கிக்கொண்டதில் ஒரு தப்பும் இல்லை, நீ கேட்பதிலும் ஒரு தப்பும் இல்லை. நடுவில் நின்று முட்டாள்தனம் செய்தவள் நான் ஒருத்திதான். ஜெய்ராம் கிளம்புவதற்குள் எப்படியாவது வாங்கிவிடுகிறேன். என்னைத் திட்டி ஒரு கடிதம் எழுது, மனசார எழுது.

உன்
வித்யா


பவானிபூர்
25.3.2026

அன்பு மங்கைக்கு,

திட்டி எழுது என்று கேட்டேன். நீ ஒரே வரிதான் எழுதியிருந்தாய்: ‘சரி வித்யா, உன்னால் முடிந்ததைச் செய்.’ நீ நாலு பக்கம் திட்டியிருந்தால் ஒருவேளை நான் போயிருக்க மாட்டேன். அந்த ஒரு வரியைத் தாங்க முடியாமல்தான் போனேன். இப்படிச் சொல்லி உன் மேல் பழியைப் போடுகிறேன் பார், என் புத்தியே இதுதான்.

புத்தகம் கிடைத்துவிட்டது. இன்று காலை ஜெய்ராம் அதை எடுத்துக்கொண்டு ரயில் ஏறிவிட்டான். இந்தக் கடிதம் வருவதற்கு முன்னாலேயே அது உன் கையில் இருக்கும். அதனால் முதலில் நீ சந்தோஷப்பட்டுக்கொள். அப்புறம் மீதியைப் படி.

போன வாரம் ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டதும் பெஹாலாவுக்குப் போனேன். வகுப்பில் வைத்துக் கேட்டால் மற்ற பிள்ளைகளுக்கு முன்னால் அவளுக்கு அவமானமாக இருக்கும், வீட்டில் பெரியவர்களிடம் பக்குவமாகச் சொல்லலாம் என்று நினைத்தேன். மெட்ரோ, பிறகு ஆட்டோ, பிறகு ஒரு சந்துக்குள் நடை. வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். பூஜையில் கைதவறி மாறிப் போயிற்று, தப்பு என்னுடையது, எழுதியவர் கேட்கிறார், இதற்குப் பதிலாக வேறு நல்ல புத்தகம் தருகிறேன் என்று சொல்வதாகத்தான் இருந்தேன். அதற்காக ஒரு புதுப் புத்தகத்தை வாங்கிப் பையில் வைத்திருந்தேன். அது இங்கிலீஷ் புத்தகம். இந்த ஊரில் தமிழில் வேறு எங்கே கிடைக்கிறது?

அவள் அம்மா பெயர் தமிழரசி. நல்ல பெண், வயது முப்பத்தைந்துக்குள்தான் இருக்கும். லைப்ரரி மிஸ் வீடு தேடி வந்ததும் பதறிப் போய்விட்டாள். நாற்காலியைத் துடைக்கிறாள், காபி போட ஓடுகிறாள். இந்த ஊரில் அவர்கள் வீட்டுக்கு வந்து தமிழில் பேசிய முதல் ஆள் நான்தானாம். சாய்பிரியா உள்ளறையிலிருந்து ஓடி வந்து என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. தன்னோடு கதை பேச வந்திருக்கிறேன் என்று நினைத்தாள் போல.

நான் ஆரம்பித்ததே கோணல். பாடம் பண்ணி வைத்ததெல்லாம் மறந்துபோய், லைப்ரரிப் புத்தகம் ஒன்று இங்கே வந்திருக்கிறது, அது திரும்ப வேண்டும் என்று சொல்லித் தொலைத்தேன். தமிழரசியின் முகம் மாறிவிட்டது. பெண்ணைத் திரும்பிப் பார்த்து, “ஏன்டி, கேக்காம எடுத்துட்டு வந்துட்டியா?” என்றாள்.

அந்தக் குழந்தை, “இல்லம்மா, மிஸ்தாம்மா குடுத்தாங்க” என்று சொல்லி என்னைப் பார்த்தது.

அந்த இடத்தில் நான், ஆமாம், நான்தான் கொடுத்தேன், பூஜையன்று என் கையால் பிரசாதமாகக் கொடுத்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், சாமி காலடியில் வைத்து எடுத்துக் கொடுத்ததையா திருப்பிக் கேட்டு வந்தாய் என்று அந்த அம்மாள் மனசுக்குள்ளாவது கேட்பாள். அந்த ஒரு நொடி என் மானம்தான் எனக்குப் பெரிசாகத் தெரிந்தது. ஏதோ குழப்பமாகிவிட்டது, பரவாயில்லை விடுங்கள் என்றேன். பரவாயில்லையாம்! திருடிய பிள்ளையை மன்னிக்கிற மாதிரி சொல்லிவிட்டு வந்திருக்கிறேன் மங்கை.

சாய்பிரியா உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்து வந்து, மஞ்சள் அட்டையின் ஓரத்தை ஒருதரம் நீவிவிட்டு என் கையில் வைத்தாள். நான் வாங்கிப் போன புத்தகத்தை நீட்டினேன். வாங்கிக்கொள்ள மாட்டேன் என்று அவள் சொல்லவில்லை, வாங்கி மேஜை மேல் வைத்துவிட்டாள். நான் காபியைக் குடித்தேன்.

இத்தோடு முடிந்திருந்தாலும் ஆறியிருக்கும். மறுநாள் காலையில் பிரேயர் மணி அடிப்பதற்கு முன்னால் தமிழரசி லைப்ரரி வாசலில் நிற்கிறாள். கையில் ஒரு பொட்டலம். வீட்டில் சுட்ட தட்டுவடை. “இனிமே எதையும் கேக்காம தொடமாட்டா மிஸ். வெளியூருல வந்து பேரு கெட்டுடக் கூடாது. பெரிய மேடத்துகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க” என்றாள். அவளுக்குப் பின்னால் படிக்கட்டுக்குப் பக்கத்தில் அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது. அழுத முகம். ராத்திரி வீட்டில் என்ன நடந்ததோ.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பொட்டலத்தை வாங்கிக்கொண்டேன். மணி அடித்துவிட்டது, டீச்சர்கள் போய்க்கொண்டிருந்தார்கள், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று தலையை ஆட்டிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். என் ஆயுசில் இவ்வளவு கேவலமாக நான் நடந்துகொண்டதில்லை. பொட்டலம் இன்னும் மேஜை டிராயரில் பிரிக்காமல் இருக்கிறது. அன்றிலிருந்து அவள் மத்தியானம் லைப்ரரிக்கு வருவதில்லை. பியூன் ஷிபுதா பார்த்துவிட்டு வந்து, சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்று சொன்னான்.

நேற்று ஜெய்ராமுக்குக் கொடுப்பதற்காகப் புத்தகத்தைத் துணியில் சுற்ற எடுத்தேன். அப்போதுதான் பிரித்துப் பார்த்தேன். அண்ணாவின் வர்ணம் ஒரு சொட்டுக்கூட வெளிறவில்லை, நீ பார்த்தால் அழுதுவிடுவாய். கடைசிக்கு முந்தைய அத்தியாயத்தில் ஒரு வில்வ இலை இருந்தது. பூஜையன்று அஞ்சலிக்குக் கொடுத்த இலை. படிப்பு வரும் என்று இங்கே பிள்ளைகள் அதைப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்வார்கள் அல்லவா, இவளும் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறாள். செண்பகம் தண்டவாளத்தைத் தாண்டுவதா வேண்டாமா என்று நிற்கிற பக்கத்தில் அது இருந்தது. அவள் முடிக்கவே இல்லை, மங்கை. முடிக்கவில்லை, இன்னும் ரெண்டு நாள் இருக்கட்டும் மிஸ் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பதுதானே என்பாய். ஜெய்ராமும் அதைத்தான் சொன்னான். கடைசிப் பக்கங்களை எடுத்து வைத்திருக்கிறேன். குளமும் வாத்துகளும் ஒரே மைக் கறையாக விழுந்திருக்கின்றன. அதைக் கொண்டுபோய் அவளிடம் நீட்ட எனக்குக் கை வரவில்லை. இவர் புத்தகத்தையே திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னார். எனக்கும் ஒரு மனசு அப்படித்தான் சொன்னது. ஆனால் உன்னுடைய அந்த ஒரு வரி ஞாபகம் வந்தது, அண்ணா ஞாபகம் வந்தார். நீ அங்கே தனியாக உட்கார்ந்துகொண்டு வாசலைப் பார்ப்பாய் என்று நினைத்தேன். கொடுத்தனுப்பிவிட்டேன். உன்னைத் தேர்ந்தெடுத்தேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியவில்லை. உன்னை இழந்துவிடுவேனோ என்று பயந்தேன், அவ்வளவுதான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பெஹாலாவுக்கு மறுபடி போகிறேன். உங்கள் பெண் எதையும் எடுக்கவில்லை, நான்தான் கொடுத்தேன், அன்றைக்கு உங்கள் முன்னால் வாயை மூடிக்கொண்டு இருந்தது என் தப்பு என்று அந்தப் பெண்ணை வைத்துக்கொண்டே தமிழரசியிடம் சொல்லப் போகிறேன். முடிவு செய்துவிட்டேன். கால் வலி, கை வலி என்று எந்தச் சாக்கும் சொல்ல மாட்டேன். வெறுங்கையோடுதான் போக வேண்டும், வேறு என்ன செய்வது. புத்தகம் திரும்ப வருமா மிஸ் என்று அவள் கேட்டால் என்ன சொல்வதென்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். ஆனால் அவள் கேட்க மாட்டாள். கேட்கிற பிள்ளையாக இருந்தால் எனக்கு இவ்வளவு வலிக்காது.

உன்னிடம் நான் எதையும் கேட்கவில்லை, மங்கை. அண்ணா கைபட்ட புத்தகம், அது உன் வீட்டில்தான் இருக்க வேண்டும். பதிப்பாளர் வந்து படங்களையெல்லாம் எடுத்துக்கொள்ளட்டும். நீ வேண்டிய மட்டும் மடியில் வைத்துப் பார்த்துக்கொள். நான் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. சாய்பிரியா வீட்டு விலாசத்தை மட்டும் கவருக்குப் பின்னால் எழுதியிருக்கிறேன். சும்மா, எதற்கும் இருக்கட்டும்.

தட்டு நிறையச் சாப்பிடு, மெஷினைக் காதில் போடு. ஜெய்ராம் பேசுவதைக் கேட்டுச் சிரித்தாலும் பரவாயில்லை. எனக்கு வேண்டாம், உனக்கும் அந்தக் குழந்தைக்கும் சரஸ்வதி ஒரு குறையும் வைக்காமல் இருக்கட்டும்.

என்றும் உன்
வித்யா

பி.கு.: வில்வ இலை இருக்கிற பக்கத்தை மாற்றிவிடாதே. அவள் விட்ட இடம் அதுதான்.